தனிப்பயிற்சி வகுப்பும் தன் கற்றலில் நம்பிக்கையும்: பெற்றோரும் மாணவரும் அறிய வேண்டியவை

மாலையில் பள்ளி விட்டு வரும் பிள்ளை முகம் கழுவி, ஒரு குவளை தேநீர் அருந்திவிட்டு, மீண்டும் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு டியூஷனுக்குக் கிளம்புவது தமிழ்நாட்டின் பல வீடுகளில் அன்றாட வழக்கம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளும் நீட் போன்ற நுழைவுத் தேர்வுகளும் நெருங்கும்போது, விடியற்காலை வகுப்பு ஒன்றும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. தனிப்பயிற்சியால் பயனடைந்த பிள்ளைகள் பலர். பள்ளியில் புரியாத பாடம் தெளிவடைவதும், தேர்வு பற்றிய அச்சம் தணிவதும் உண்மையே.

எனினும் சில பெற்றோர் வேறொன்றையும் கவனிக்கின்றனர். டியூஷனில் தடையின்றிப் போட்ட கணக்கையே வீட்டில் போடச் சொன்னால், பிள்ளை வினாவை ஒருமுறை படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறது. "மிஸ் சொல்லிக்கொடுத்தால்தான் எனக்கு வரும்" என்கிறது. மதிப்பெண்கள் குறையாமல் இருக்கலாம். ஆனால் தன்னால் தானே கற்க முடியும் என்ற நம்பிக்கை குறைந்திருக்கும். அந்நம்பிக்கைக் குறைவு நீடித்தால், தேர்வு நாளன்று வயிற்றுவலியாகவும், தூக்கமின்மையாகவும், பதற்றமாகவும் வெளிப்படக்கூடும். ஆகவே இது கல்வி பற்றிய செய்தி மட்டுமன்று. வளரிளம் பருவத்தினரின் மனநலம் பற்றிய செய்தியும் ஆகும்.

தனிப்பயிற்சி எவ்வாறு பிள்ளையின் நம்பிக்கையை வளர்க்கிறது, எவ்வாறு குறைக்கிறது, வீட்டில் நீங்கள் என்ன செய்யலாம், எப்போது மருத்துவ உதவியை நாட வேண்டும் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

தன் கற்றலில் நம்பிக்கை என்றால் என்ன?

"நான் கெட்டிக்காரன்" என்ற பெருமிதம் வேறு. "இந்தப் பாடத்தை முயன்றால் என்னால் புரிந்துகொள்ள முடியும்" என்ற நம்பிக்கை வேறு. பின்னதையே உளவியலாளர்கள் தன்னாற்றல் நம்பிக்கை என்கின்றனர். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977ஆம் ஆண்டில் இக்கருத்தை விரிவாக முன்வைத்தார். இந்நம்பிக்கை நான்கு வழிகளில் உருவாகிறது என்பது அவரது விளக்கம்:

• தானே முயன்று வெற்றி பெற்ற அனுபவம். நான்கினுள்ளும் வலிமை மிக்கது இதுவே.
• தன்னைப் போன்ற ஒருவர் முயன்று வெல்வதைக் காணுதல்.
• நம்பிக்கைக்குரியவர் கூறும் ஊக்கச் சொல்.
• தன் உடலும் மனமும் இருக்கும் நிலை. நெஞ்சு படபடக்கும்போதும் கை வியர்க்கும்போதும், பிள்ளை அதனையே "எனக்கு வராது" என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறது.

முதலாவதில் வரும் 'தானே' என்ற சொல்லைக் கவனியுங்கள். விடை சரியாக வந்தது என்பது மட்டும் நம்பிக்கையைத் தருவதில்லை. அவ்விடையைத் தானே கண்டடைந்ததாகப் பிள்ளை உணர வேண்டும். ஒவ்வொரு படியிலும் அருகிலிருந்து ஒருவர் கைகொடுத்தால், வெற்றி கிடைத்தாலும் அது பிள்ளையின் கணக்கில் சேர்வதில்லை. கைகொடுத்தவரின் கணக்கிலேயே சேர்கிறது.

தனிப்பயிற்சி எப்போது உதவுகிறது?

கட்டடம் எழுப்பும்போது கொத்தனார் சுற்றிலும் சாரம் கட்டுகிறார். சுவர் உறுதியடைந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுகிறார். நல்ல கற்பித்தலையும் இவ்வாறே சாரத்திற்கு ஒப்பிட்டு, டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1976ஆம் ஆண்டில் எழுதினர். பிள்ளையால் தனித்துச் செய்ய இயலாத பகுதிக்கு மட்டும் உதவி அளித்து, இயலத் தொடங்கியதும் அவ்வுதவியைப் படிப்படியாக விலக்கிக்கொள்ள வேண்டும் என்பதே இதன் பொருள்.

கீழ்க்காணும் சூழல்களில் தனிப்பயிற்சி பெரிதும் துணைபுரியும்:

• நோய், இடமாற்றம், குடும்பச் சூழல் போன்ற காரணங்களால் பிள்ளை சில வாரங்களோ மாதங்களோ பள்ளிப் பாடத்தைத் தவறவிட்டிருக்கும்போது.
• பின்னம், சமன்பாடு, வாசித்தல் போன்ற ஓர் அடிப்படைத் திறனில் இடைவெளி இருந்து, அதன் மேல் வரும் பாடங்கள் யாவும் தடைப்படும்போது.
• நெரிசலான வகுப்பில் வாய் திறந்து ஐயம் கேட்கத் தயங்கும் பிள்ளைக்கு, தயக்கமின்றிக் கேட்கும் இடம் தேவைப்படும்போது.
• வீட்டில் அமர்ந்து படிக்க இடமோ, துணையோ இல்லாதபோது.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டதால் ஏற்பட்ட கற்றல் இடைவெளியைக் குறைப்பதற்காக, தமிழ்நாடு அரசு 2021ஆம் ஆண்டில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. தன்னார்வலர்கள் பிள்ளைகளின் வீட்டருகே மாலை நேரத்தில் கற்பித்தனர். பள்ளிக்கு வெளியே கிடைக்கும் உதவி தேவையானபோது நன்மையே தரும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. எனவே டியூஷனுக்கு அனுப்பியதற்காக நீங்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. சாரம் பிரிக்கப்படுகிறதா என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

எப்போது நம்பிக்கையைக் குறைக்கிறது?

*1. புரிந்துவிட்டது என்ற மயக்கம்*

ஆசிரியர் கரும்பலகையில் கணக்கைப் போட்டுக்காட்டும்போது ஒவ்வொரு வரியும் தெளிவாகவே இருக்கும். "புரிகிறது" என்று பிள்ளை தலையசைப்பதும் உண்மையே. ஆனால் பிறர் செய்வதைப் பின்தொடர்வதும், வெற்றுத்தாளில் தானே தொடங்குவதும் வேறு வேறு திறன்கள்.

ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனை நன்கு விளக்குகிறது. கல்லூரி மாணவரில் ஒரு பிரிவினர் ஓர் உரைப்பகுதியை நான்கு சுற்றுகள் திரும்பத் திரும்பப் படித்தனர். மற்றொரு பிரிவினர் ஒரு சுற்று மட்டும் படித்துவிட்டு, மூன்று சுற்றுகள் அதனைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடங்களுக்குப் பின் சோதித்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னிலையில் இருந்தனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை மாறியது: படித்தவர்கள் ஏறக்குறைய 40 விழுக்காட்டையும், பாராமல் எழுதியவர்கள் ஏறக்குறைய 61 விழுக்காட்டையும் நினைவில் வைத்திருந்தனர். ஆயினும் தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று முன்கூட்டியே அதிகம் நம்பியவர்கள், திரும்பத் திரும்பப் படித்தவர்களே.

எளிதாகத் தோன்றும் கற்றல் எப்போதும் நிலைக்கும் கற்றல் அன்று. டியூஷனில் "எல்லாம் புரிந்தது" என்று வந்த பிள்ளை, தேர்வறையில் வினாத்தாளைக் கண்டதும் திகைத்து நிற்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. அந்நேரம் பிள்ளை, "என் படிப்பு முறையில் குறை" என்று எண்ணுவதில்லை; "என்னிடம்தான் குறை" என்று எண்ணுகிறது.

*2. திணறுவதற்கு நேரமின்மை*

ஒரு கணக்கில் பத்து நிமிடம் திணறி, பிறகு வழி கண்டுபிடிக்கும் அனுபவமே நம்பிக்கையின் விதை. பள்ளி, டியூஷன், வீட்டுப்பாடம், டியூஷனின் வீட்டுப்பாடம் என நாள் முழுதும் நிரம்பிவிட்டால் அத்திணறலுக்கு இடமில்லை. பிள்ளை தடுமாறும் முன்பே விடை வந்துவிடுகிறது.

*3. முக்கிய வினாக்களை மட்டும் மனனம் செய்தல்*

எதிர்பார்க்கப்படும் வினாக்களுக்கு ஆயத்த விடைகளை மனப்பாடம் செய்யும் பழக்கம் சில வேளைகளில் மதிப்பெண்ணைக் கூட்டும். ஆனால் வினாவின் சொற்கள் சற்று மாறினாலும் பிள்ளை நிலைகுலையும். தான் அறிந்தது எது, மனனம் செய்தது எது என்று அதற்கே தெரியும். எனவே நல்ல மதிப்பெண்ணும் மன உறுதியைத் தருவதில்லை.

*4. ஓயாத ஒப்பீடு*

வாரத் தேர்வு, தரவரிசைப் பட்டியல், மதிப்பெண்ணுக்கேற்ப இருக்கை, "முதல் பேட்ச், இரண்டாம் பேட்ச்" என்ற பிரிவினை ஆகியவை சில பயிற்சி மையங்களில் உள்ளன. பட்டியலின் கீழே உள்ள பிள்ளைக்கு, நேற்றைய தன்னைவிட இன்று தான் முன்னேறியிருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

கீழ்க்காண்பவற்றுள் பல, சில வாரங்களாகத் தொடர்ந்து காணப்பட்டால், பிள்ளை தன் கற்றலில் நம்பிக்கை இழந்து வருகிறது எனக் கொள்ளலாம்:

• வினாவை முழுமையாகப் படிக்கும் முன்பே "எனக்குத் தெரியாது" என்று கூறுதல்.
• சரியான விடையை எழுதிய பிறகும் "சரியா?" என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டல்.
• டியூஷன் இல்லாத நாளில் புத்தகத்தைத் திறக்காதிருத்தல், அல்லது திறந்து வைத்துக்கொண்டு எதுவும் செய்யாதிருத்தல்.
• பள்ளியில் பாடத்தைக் கவனியாமல், "டியூஷனில் பார்த்துக்கொள்ளலாம்" என விட்டுவிடுதல்.
• விடைநூலைப் பார்த்து எழுதிவிட்டு, தானே செய்ததாகக் கூறுதல்.
• நல்ல மதிப்பெண்ணைக் "கேள்வி எளிது" என்றும், குறைந்த மதிப்பெண்ணை "நான் மக்கு" என்றும் விளக்குதல்.
• தேர்வு நாட்களில் வயிற்றுவலி, தலைவலி, குமட்டல், அடிக்கடி சிறுநீர் கழித்தல்.

இவை சோம்பலின் அடையாளங்கள் அல்ல. பதற்றம் மிகும்போது, கணக்கின் படிகளைத் தற்காலிகமாக மனத்தில் தாங்கி நிற்க வேண்டிய நினைவாற்றலின் ஒரு பகுதியைக் கவலை பிடித்துக்கொள்கிறது. படித்தது மறந்துபோனதுபோல் தோன்றுவது இதனாலேயே. "இவ்வளவு பணம் கட்டியும் ஏன் இப்படி?" என்ற வினா அக்கவலையை மேலும் கூட்டும்.

உடல்நலத்தில் ஏற்படும் விளைவுகள்

6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரையுள்ளோருக்கு 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை என அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. காலை ஐந்தரை மணி வகுப்புக்கு ஐந்து மணிக்கு எழும் பதினைந்து வயதுப் பிள்ளை, 8 மணி நேரமாவது உறங்க வேண்டுமெனில் இரவு ஒன்பது மணிக்கே படுக்க வேண்டும். இரவு வகுப்பு ஒன்பது மணிக்குத்தான் முடிகிறது என்றால், உங்கள் வீட்டுக் கணக்கில் எங்கோ துண்டு விழுகிறது. பகலில் கற்றது மூளையில் நிலைபெறுவதில் உறக்கத்திற்குப் பெரும்பங்கு உண்டு. உறக்கத்தைக் குறைத்துப் பெறும் கூடுதல் வகுப்பு, கற்றதைக் கரைத்துவிடக்கூடும்.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. விளையாட்டு, மிதிவண்டி ஓட்டுதல், வேகமாக நடத்தல் ஆகியவை இதில் அடங்கும். காலை உணவைத் தவிர்த்தல், வகுப்புகளுக்கு இடையே பொரித்த தின்பண்டங்களால் பசியாற்றுதல், இரவில் விழித்திருக்கத் தேநீரோ காபியோ மிகுதியாக அருந்துதல் ஆகியவற்றையும் கவனியுங்கள். களைத்த உடலில் அமர்ந்திருக்கும் மனம், தன் களைப்பையே தன் அறிவின் எல்லை எனத் தவறாக எண்ணிக்கொள்ளும்.

வீட்டில் நீங்கள் என்ன செய்யலாம்?

டியூஷனை ஒரே நாளில் நிறுத்துவது பெரும்பாலும் அச்சத்தையே தரும். உதவியைப் படிப்படியாக விலக்குவதே பொருத்தமானது. கீழ்க்காணும் நான்கு வார முறையை ஒரே ஒரு பாடத்தில் தொடங்கிப் பாருங்கள்.

முதல் வாரம்: டியூஷனுக்குச் செல்லும் முன், அன்றைய பாடத்தில் ஒரு கணக்கையோ வினாவையோ பிள்ளை பத்து நிமிடம் தனியே முயலட்டும். விடை வர வேண்டியதில்லை. எந்த வரியில் நின்றுவிட்டது என்பதைப் பென்சிலால் குறித்துக்கொண்டால் போதும். "எனக்கு எதுவும் புரியவில்லை" என்று வகுப்புக்குச் செல்வதற்கும், "மூன்றாவது வரியில் குறி ஏன் மாறுகிறது?" என்ற வினாவுடன் செல்வதற்கும் பெரும் வேறுபாடு உண்டு.

இரண்டாம் வாரம்: டியூஷனில் கற்றதில் இரண்டு வினாக்களை, மறுநாள் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டு வெற்றுத்தாளில் எழுதச் செய்யுங்கள். பிறகு குறிப்பேட்டைத் திறந்து பிள்ளையே திருத்தட்டும். தவறுகள் வரும், அவற்றைக் குறைவாக எண்ண வேண்டாம். எதை மீண்டும் படிக்க வேண்டும் என்பதை அவையே காட்டும்.

மூன்றாம் வாரம்: வாரத்தில் ஒரு நாள் அப்பாடத்தின் டியூஷனுக்குச் செல்லாமல், அதே நேரத்தில் வீட்டில் தானே படிக்கட்டும். தீராத ஐயங்களை மட்டும் தாளில் எழுதி, அடுத்த வகுப்பில் கேட்கட்டும். ஆசிரியரிடம் முன்கூட்டியே இதனைத் தெரிவித்துவிடுங்கள்.

நான்காம் வாரம்: தான் படித்த ஒரு பகுதியை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். முடிவில் பிள்ளையுடன் அமர்ந்து, எந்தப் பாடத்திற்கு டியூஷன் இன்னும் தேவை, எதற்குத் தேவையில்லை என்று பேசி முடிவெடுங்கள். இம்முடிவில் பிள்ளைக்கும் பங்கு இருக்க வேண்டும்.

தொடக்கத்தில் வேகம் குறையலாம். ஒரு சிறு தேர்வில் மதிப்பெண்ணும் சற்றுக் குறையலாம். அதனைத் தோல்வி எனக் கொண்டு உடனே பழைய முறைக்குத் திரும்பிவிட வேண்டாம். பொதுத்தேர்வுக்கு ஓரிரு மாதங்களே இருப்பின், டியூஷன் நாட்களைக் குறைக்காமல் முதல் இரண்டு வாரப் பயிற்சிகளை மட்டும் மேற்கொள்ளுங்கள்.

நீங்கள் பேசும் சொற்களும் முக்கியம்.

• "விடை என்ன?" என்பதற்கு மாறாக, "எதுவரை வந்தாய், காட்டு பார்ப்போம்" எனக் கேளுங்கள்.
• "நீ புத்திசாலி" என்பதற்கு மாறாக, "முதலில் வரவில்லை, வேறு வழியில் முயன்றாய், வந்துவிட்டது" என்று நடந்ததைச் சொல்லுங்கள்.
• "உன் அக்காவைப் பார்" என்பதற்கு மாறாக, "சென்ற மாதம் இதைத் தொடவே பயந்தாய், இன்று பாதி போட்டுவிட்டாய்" என்று பிள்ளையை அதன் பழைய நிலையுடன் ஒப்பிடுங்கள்.
• கட்டணத்தை நினைவூட்டுவதைத் தவிருங்கள். அது பிள்ளையின் மனத்தில் கடனாகவே தங்கும்.

தனிப்பயிற்சி ஆசிரியரிடம் கேட்க வேண்டியவை

வகுப்பில் சேர்க்கும் முன்பும், ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் கீழ்க்காணும் வினாக்களைக் கேளுங்கள்:

• என் பிள்ளைக்கு எந்தத் திறனில் இடைவெளி உள்ளது? எவ்வளவு காலத்தில் அது நிரம்பும்?
• வகுப்பு நேரத்தில் பிள்ளை தானே முயல எவ்வளவு நேரம் தரப்படுகிறது?
• தவறு செய்தால் விடையைச் சொல்லிவிடுகிறீர்களா, சிந்திக்க வாய்ப்பளிக்கிறீர்களா?
• தரவரிசையை எல்லோர் முன்பும் அறிவிக்கிறீர்களா?

"எப்போது டியூஷன் தேவைப்படாமல் போகும்?" என்ற வினாவுக்குத் தெளிவாக விடை கூறும் ஆசிரியர், நல்ல ஆசிரியர்.

பெரிய பயிற்சி மையங்களுக்கென மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 16 வயது நிறைவடையாதவர்களைச் சேர்க்கலாகாது, நாளொன்றுக்கு 5 மணி நேரத்திற்கு மேல் வகுப்பு நடத்தலாகாது, பள்ளி நேரத்தில் வகுப்பு கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை வேண்டும், தரவரிசையோ மதிப்பெண்ணோ உறுதி என விளம்பரம் செய்யலாகாது என்பன அவற்றுள் சில. மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இவற்றை அளவுகோலாகக் கொள்ளுங்கள்.

பள்ளி ஆசிரியர் எவரும் தனிப்பயிற்சி நடத்தலாகாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு கூறுகிறது. வகுப்பாசிரியரே தம்மிடம் டியூஷன் சேருமாறு வற்புறுத்தினால், பள்ளித் தலைமையாசிரியரிடமோ, பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலோ தெரிவிக்கலாம்.

நீங்கள் மாணவர் எனில்

டியூஷன் செல்வது உங்கள் அறிவுக்குறைவின் அடையாளம் அன்று. அதே வேளையில், உங்கள் படிப்பின் பொறுப்பை முழுவதுமாகப் பிறரிடம் ஒப்படைத்துவிடாதீர்கள். ஒரு வினாவில் நின்றுவிட்டால் மூன்று படிகளைப் பின்பற்றுங்கள்: முதலில், வினாவில் தரப்பட்டுள்ளவை எவை, கேட்கப்படுவது எது என்று எழுதுங்கள். இரண்டாவதாக, இதனைப் போன்ற வேறொரு கணக்கைப் பாடநூலில் தேடுங்கள். மூன்றாவதாக, அப்போதும் வரவில்லையெனில் நின்ற இடத்தைக் குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்லுங்கள். குறித்த இடம் தோல்வி அன்று. நாளை ஆசிரியரிடம் நீங்கள் கேட்கப்போகும் நல்ல கேள்வி.

நீங்களே தீர்த்தவற்றின் கணக்கை ஒரு சிறு குறிப்பேட்டில் தேதியுடன் எழுதி வாருங்கள். "என்னால் முடியாது" என்று தோன்றும் இரவில் அதனைத் திறந்து பாருங்கள்.

காரணம் வேறாகவும் இருக்கலாம்

எத்தனை டியூஷன் வைத்தாலும் முன்னேற்றம் இல்லையெனில், மேலும் ஒரு டியூஷன் சேர்ப்பதற்கு முன் பின்வருவனவற்றைச் சோதியுங்கள்:

• பார்வைக் குறைபாடும் கேட்புக் குறைபாடும். கரும்பலகை தெளிவாகத் தெரியாத பிள்ளை அதனைச் சொல்லாமலே இருந்துவிடக்கூடும்.
• இரத்தசோகை. வளரிளம் பெண்களிடம் பரவலாகக் காணப்படும் இது, சோர்வையும் கவனக்குறைவையும் உண்டாக்கும்.
• குறிப்பிட்ட கற்றல் குறைபாடு. எழுத்துகளை வாசிப்பதிலோ, எழுதுவதிலோ, எண்களைக் கையாள்வதிலோ வயதுக்கு ஒவ்வாத இடர்ப்பாடு நீடிக்கலாம். இஃது அறிவுக்குறைவு அன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதனை ஏற்றுள்ளது. உரிய சான்றிதழ் பெற்றால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கிடைக்கும்.
• கவனக்குறைவு மற்றும் மிகையியக்கக் கோளாறு.
• பள்ளியிலோ டியூஷனிலோ கேலி, மிரட்டல், அடி, பாலியல் தொல்லை. குறிப்பிட்ட ஓர் இடத்திற்குச் செல்ல மட்டும் பிள்ளை மறுத்தால், காரணத்தைக் கனிவுடன் கேளுங்கள், கூறுவதை நம்புங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம்.

அரசு மருத்துவமனைகளிலும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களிலும் இதற்கான மதிப்பீடு பற்றிக் கேட்டறியலாம்.

எப்போது மருத்துவ உதவியை நாட வேண்டும்?

கீழ்க்காண்பவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ ஆலோசனை பெறுங்கள்:

• உறக்கம், பசி ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றம்.
• பள்ளிக்குச் செல்ல மறுத்தல். நண்பர்களையும் விருப்பமான விளையாட்டையும் விட்டு விலகுதல்.
• காரணமின்றி அழுதல், மிகுந்த எரிச்சல், எதிலும் நாட்டமின்மை.
• மருத்துவப் பரிசோதனையில் காரணம் காணப்படாத வயிற்றுவலி, தலைவலி.
• தேர்வின்போது மூச்சுத்திணறல், கடும் படபடப்பு, மயக்கம்.

"நான் இல்லாவிட்டால் நல்லது", "எல்லோருக்கும் பாரமாக இருக்கிறேன்" போன்ற சொற்களைப் பிள்ளை கூறினாலோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலோ, இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே உதவியை நாடுங்கள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். திட்டவோ, அறிவுரை கூறவோ முற்படாமல், "உன் மதிப்பெண்ணைவிட நீதான் எங்களுக்கு வேண்டும்" என்று கூறி, அது சொல்வதைக் கேளுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104 ஆகியவற்றை எந்நேரமும் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்தான நிலையில் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

அடிக்கடி கேட்கப்படும் வினாக்கள்

*நாங்கள் அதிகம் படிக்காதவர்கள். பிள்ளைக்கு எவ்வாறு உதவ முடியும்?*
பாடம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "இன்று படித்ததை எனக்குப் புரியும்படி சொல்" என்று கேட்டு, பொறுமையுடன் செவிமடுங்கள். விளக்க முற்படும்போதே, தனக்கு எது தெரியும், எது தெரியாது என்பது பிள்ளைக்குத் தெளிவாகிவிடும். நாளொன்றுக்குக் கால் மணி நேரம் போதும்.

*பிறர் பிள்ளைகள் அனைவரும் செல்லும்போது, எங்கள் பிள்ளை மட்டும் செல்லாவிட்டால் பின்தங்கிவிடாதா?*
பிறர் செல்வது உங்கள் பிள்ளையின் தேவைக்குச் சான்றாகாது. குறிப்பிட்ட இடைவெளி ஒன்று உள்ளதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கு மட்டும் உதவி தேடுங்கள்.

*டியூஷன் இல்லாமல் படிக்கவே மாட்டேன் எனப் பிள்ளை பிடிவாதம் பிடிக்கிறது. என்ன செய்வது?*
அதனைப் பிடிவாதம் என்று கொள்ளாமல், அச்சம் என்று கொள்ளுங்கள். டியூஷன் தொடரும் என்று உறுதியளித்துவிட்டு, பத்து நிமிடத் தனிமுயற்சியிலிருந்து தொடங்குங்கள். தானே கண்ட முதல் விடை, உங்கள் வற்புறுத்தலைவிட நன்றாகப் பேசும்.

நினைவில் கொள்க

• தானே முயன்று பெற்ற சிறு வெற்றியே நம்பிக்கையின் முதன்மை ஊற்று.
• டியூஷன் சாரமாக இருக்கட்டும், சுவராக வேண்டாம்.
• பத்து நிமிடத் தனிமுயற்சி, மூடிய புத்தகம், குறித்து வைத்த ஐயம் ஆகிய மூன்றையும் பழக்கமாக்குங்கள்.
• உறக்கமும் உணவும் விளையாட்டும் படிப்பின் பகுதிகளே.
• அறிகுறிகள் நீடித்தால் தயங்காமல் உதவி கேளுங்கள்.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகா.